பேருந்து வேண்டாமென்று வாங்கிய கையெழுத்து

இனிமேல் கார் ஓட்டக்கூடாது என்று கண் மருத்துவர் சொன்னபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கண் அழுத்தத்தில் பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது. டெக்சஸில், அதுவும் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற புறநகரில், இது கைகால் விழுந்த மாதிரிதான். மளிகைக் கடையின் பெயர்ப் பலகை எங்கள் வாசலிலிருந்தே தெரியும். நடுவில் ஆறு வழிச் சாலை, நடைபாதை கிடையாது. பால் வாங்கக்கூட ஒரு காரைக் கிளப்பியாக வேண்டும். என் கணவருக்கு எண்ணெய் கம்பெனியில் வேலை. "நாம பெட்ரோல் எரிச்சாத்தான் எனக்குச் சம்பளம்" என்பார். முன்பெல்லாம் நானும் சிரிப்பேன்.

ஆறு வருடங்களுக்கு முன் எங்கள் குடியிருப்பு வழியாக பஸ் விடலாம் என்று பேச்சு வந்தது. வரிந்துகட்டிக்கொண்டு எதிர்த்தவள் நான். வீட்டுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பொங்கல் பாட்லக்கில், சர்க்கரைப் பொங்கலுக்குப் பக்கத்திலேயே பஸ் வேண்டாமென்ற மனுவை வைத்தேன். கரண்டியைக் கொடுக்கும் முன் பேனாவைக் கொடுத்தேன்.

"பஸ் வந்தா யார் யாரோ வருவாங்க. ஸ்கூல் ரேட்டிங் போயிடும், வீட்டு விலையும் போயிடும்."

சென்னையில் மூன்று வருடம் பஸ்ஸில் நசுங்கிக் கல்லூரிக்குப் போனவள் பேசிய பேச்சு இது. நினைத்தால் என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

அடுத்த தெருப் பெண் ஒருத்தி மட்டும் தயங்கினாள். "எனக்கு டிரைவிங் வராதே அக்கா. பஸ் வந்தா நல்லதுதானே?"

"நான் இருக்கேன்ல. எங்க போகணும்னாலும் கால் பண்ணு, டிராப் பண்றேன்."

கையெழுத்துப் போட்டாள். இரண்டு முறை கூட்டிப்போனேன். மூன்றாம் முறை மீட்டிங் என்றேன். அப்புறம் அவள் கேட்கவில்லை.

பஸ் வரவில்லை. கையெழுத்துப் போட்ட வீடுகளெல்லாம் தினமும் காலையில் ஆளுக்கொரு காரில், ஒரே ஃப்ரீவேயில், ஏசி போட்டு ஊர்ந்துகொண்டிருக்கின்றன. நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். மருத்துவரைப் பார்க்கக்கூட யாருக்காவது லீவு கிடைக்க வேண்டும். இது மாறும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

போன வாரம் பஸ் அலுவலகத்துக்கு போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமையாகத் தேடிப் பார்த்துவிட்டு, உங்கள் பகுதிக்கு சர்வீஸ் இல்லை, அங்கே குடியிருப்பவர்கள்தான் வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். பிறகு, தெரிந்தவர் யாராவது கூட்டிப்போக மாட்டார்களா என்று கேட்டாள்.

அடுத்த தெருப் பெண் இப்போது நன்றாக ஓட்டுகிறாள். அவள் நம்பர் என்னிடம் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.