வெயில் தின்ற கயிறு

கடைத்தெருவில் எல்லோருக்கும் அவள் கயிற்றுக்கடை அக்கா. பிளாஸ்டிக் கயிறு, நைலான் கயிறு, தார்ப்பாய், ரப்பர் பட்டை என்று இழுத்துக் கட்டுவதற்கு வேண்டிய அத்தனையும் அவளிடம் கிடைக்கும். வாய் ஓயாத பெண். "இதுல யானையையே கட்டலாம்ணே, உங்களத் தாங்காதா?" என்று சிரித்தபடியேதான் கயிற்றை அளந்து வெட்டுவாள்.

அந்தப் பெயிண்டருக்கும் அப்படிச் சொல்லித்தான் கொடுத்தாள். மூன்று வாரம் கழித்து, கயிற்றில் கட்டிய பலகையில் உட்கார்ந்து மூன்றாவது மாடிச் சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது, கயிறு அறுந்து அவர் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

பெயிண்டரின் மனைவி கடைக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு முழ நீலப் பிளாஸ்டிக் கயிற்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா, இது உங்க கடைக் கயிறுதானே?"

"ஆமாம்மா."

"புதுக் கயிறு எப்படிக்கா அறுந்துபோகும்? அவர் முடிச்சு சரியா போடலன்னு மேஸ்திரி சொல்றாரு. பதினெட்டு வருஷமா முடிச்சு போட்ட கைக்கா அது."

அக்கா கயிற்றை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். நீலப் பொடி விரலில் ஒட்டிக்கொண்டது. பெயிண்டர் வாங்க வந்த அன்று உள்ளே சரக்கு தீர்ந்திருந்தது. கடை வாசல் வெயிலில் ஒரு வருடமாகத் தொங்கிய சுருளை இறக்கித்தான் அவருக்கு வெட்டிக் கொடுத்திருந்தாள்.

"நூறு காரணம் இருக்கும். நீயா வாயத் தொறந்து வம்ப வெலைக்கு வாங்காத" என்றார் அன்று இரவு அதைக் கேட்ட அவள் வீட்டுக்காரர்.

அவளுக்கு மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குள் உத்தரத்துக் கொக்கியில் ஒரு வாளியைத் தொங்கவிட ஏற்பாடு செய்தாள். முழுக் கயிற்றை வாளித் தண்ணீரால் அறுக்க முடியாது. அதனால் முறுக்கைப் பிரித்து, ஒவ்வொரு கயிற்றிலிருந்தும் ஒரு நூலை மட்டும் எடுத்தாள். எல்லாம் ஒரு மீட்டர் நீளம். வாளியைக் கட்டி, லிட்டர் லிட்டராக ஊற்றி, டேப்பால் அளந்தாள்.

ரப்பர் பட்டையிலிருந்து கிழித்த கீற்று மூன்று லிட்டருக்கே தரையைத் தொட்டுவிட்டது. நீளுமே தவிர தாங்காது. நைலான் நூல் ஒரு சாண் நீண்டது, அறுவதற்குப் பதினேழு லிட்டர் ஆனது. பிறகு வந்து உள்ளேயே இருந்த புது நீலக் கயிற்றின் நூல் அவ்வளவு நீளவில்லை, ஆனாலும் பதினைந்து லிட்டரைத் தாங்கியது. வாசலில் தொங்கிய சுருளின் மிச்சத்திலிருந்து எடுத்த நூல் ஐந்தாவது லிட்டரில், நீளக்கூட இல்லாமல், பட்டென்று போனது. இன்னும் இரண்டு நூல் எடுத்துப் பார்த்தாள். அவையும் அப்படியே. அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பெயிண்டர் வீட்டுக்குப் போனாள்.

"முடிச்சுல தப்பில்லம்மா. வெயில்ல கெடந்து செத்துப்போன கயித்த நான்தான் எடுத்துக் கொடுத்தேன். தெரியாமத்தான் கொடுத்தேன். ஆனா கொடுத்தது நான்."

அந்தப் பெண் கேட்டாள்: "இத அவரோட வேலை பார்த்தவங்க முன்னாடி சொல்லுவீங்களா?"

சொன்னாள். பெயிண்டர்கள் காலையில் வேலைக்குக் கூடும் தெருமுனையில், வாளியும் நூல்களுமாகப் போய் நின்று, செய்தும் காட்டினாள். "உன்னாலதான் அநியாயமா ஒரு உசுரு போச்சு" என்று ஒருவன் கத்தினான். அவள் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு அடுத்த நூலைக் கட்டினாள். மேஸ்திரி மட்டும் தன் வண்டியில் வெயிலில் கிடந்த பழைய கயிற்றிலிருந்து ஒரு நூலை உருவிக்கொண்டு வந்து, "இதையும் பாரு" என்றார். ஆறாவது லிட்டரில் அது அறுந்தது. மேஸ்திரி ஓரமாக நின்றிருந்த பெயிண்டர் மனைவியிடம் போய், "நான் அவனச் சொன்னது பாவம்மா" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் பெயிண்டர்கள் தங்கள் பதினொரு பழைய கயிறுகளைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டார்கள். பெயிண்டர் மனைவி அதன்பிறகு கடைப்பக்கம் வரவில்லை. அவளைப் போய்ப் பார்க்க அக்காவுக்கும் துணிவு வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்காரரே ஏணி போட்டு ஏறி, வாசலில் தொங்கிய சுருள்களையெல்லாம் அவிழ்த்தார். அவள் கீழே நின்று ஒவ்வொன்றாக வாங்கி, இனி விற்பதில்லையென்று உள்ளே ஒரு மூலையில் தனியாகக் கொண்டுபோய் வைத்தாள்.