சைக்கிளை எடுத்துடுங்க மேடம்

எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு சட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு படம் போட வேண்டும், போனில் எடுத்ததாக இருக்க வேண்டும், மற்றவர்கள் அதில் குறை சொல்ல வேண்டும். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நழுவினால் அட்மினுக்குப் பிடிக்காது. குறை சொல்ல எங்கள் பக்கத்து ஜனங்களுக்குச் சட்டமே போட்டிருக்க வேண்டாம். பாகூர் ஏரியில் கொக்கு நின்றால் கழுத்து கோணல் என்பார்கள். வில்லியனூர் தேரைப் பிடித்துப் போட்டால் வடம் எங்கே என்பார்கள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. தவளக்குப்பத்து மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் இடைவெளியில், முன்பின் தெரியாத ஒருவருடைய சூரியோதயத்துக்கு "லைட் பத்தல" என்று எழுதியிருக்கிறேன்.

அட்மினுக்குத் தொழில் பேனர் அடிப்பது. காதுகுத்தோ, மஞ்சள் நீராட்டோ, கண்ணீர் அஞ்சலியோ, ஒரே பேனரில் தாய்மாமன் முதல் கைக்குழந்தை வரை நாற்பது தலைகளை அடைத்துவிடுவார். ஆனால் எங்கள் படத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி தெரிந்தால் போதும், அவருக்கு மூச்சு முட்டும். "ஃப்ரேம் மூச்சு விடணும் மேடம்" என்பார். ஊருக்குத்தான் உபதேசம். அவரே ஒருமுறை மீன் மார்க்கெட்டில் கூடையும் குடையும் நாயும் முட்டிமோதும் படம் ஒன்றைப் போட்டார். அதற்குப் பெயர் "கதை சொல்லும் படம்". மாமியார் உடைத்தால் மண்குடம்தானே.

இந்த மேதைகள் முன்னால்தான் எங்கள் வீட்டைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

கிருமாம்பாக்கத்தில் கீற்றுக் கொட்டகை இருந்த இடத்தில், அம்மாவின் நடவுக் கூலியும் என் சம்பளமும் சேர்ந்து எழுப்பிய வீடு அது. அம்மா பிள்ளைச்சாவடியில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். அப்பா வயல்வேலை செய்தவர். இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணம். "கீத்துக் கொட்டாயிலயே கெடந்து சாவப் போற" என்று அம்மாவின் அண்ணன், என் மாமா, அன்றைக்குச் சாபம் விட்டாராம். அதன் பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அப்பா இறந்தபோது சுடுகாட்டுக்கு மட்டும் வந்துவிட்டு அப்படியே பஸ் ஏறினார். கிரகப்பிரவேசத்துக்கும் வரவில்லை. அம்மாவுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஆசை.

"வூட்ட நல்லா ஒரு போட்டோ புடிச்சு உங்க மாமாவுக்கு அனுப்புடி. பாக்கட்டும்."

அம்மாவை வாசலில் நிற்க வைத்து எடுத்தேன். வித்வான்கள் ஒரு பார்வை பார்த்த பிறகு அனுப்பலாம் என்று முதலில் குழுவில் போட்டேன். கொடியில் காயும் துணி தொந்தரவு செய்கிறது என்றார் ஒருவர். வாளி வேண்டாம் என்றார் இன்னொருவர். மாடியில் கட்டிய திருஷ்டி பொம்மை படத்தின் மூடையே கெடுக்கிறது என்றது ஒரு குரல். கடைசியாக அட்மின் வந்தார்: "சுவத்துல சாஞ்சிருக்கற ஓட்ட சைக்கிள எடுத்துடுங்க மேடம். குப்பையா தெரியுது."

விரலால் தேய்த்தால் எதையும் அழித்துத் தரும் வித்தை என் போனில் இருக்கிறது. தேய்த்தேன். துணி போனது, வாளி போனது, நாக்கை நீட்டிக்கொண்டிருந்த பொம்மை போனது. சைக்கிளும் போனது. அது நின்ற இடத்தில் போன் தன் இஷ்டத்துக்கு ஒரு பூச்செடியை நட்டுக் கொடுத்தது. எங்கள் தெருவில் அப்படி ஒரு செடியை ஆடு விட்டுவைத்ததாகச் சரித்திரமே இல்லை.

அதை மறுபடி குழுவில் போட்டதும் அந்த வாரத்தின் சிறந்த படம் அதுதான் என்று அறிவித்தார்கள். அதே பூரிப்பில் மாமாவுக்கும் அனுப்பிவிட்டேன். சாயங்காலம் வாட்ஸப்பில் அவர் குரல்பதிவு வந்தது. அம்மா பக்கத்தில் இருக்கும்போதே போட்டுக் கேட்டேன்.

"இன்னா இது, மனை விக்கிறவன் நோட்டீசு மாரி இருக்குது? எவன் வூட்டு முன்னாடி உங்கம்மாவ நிக்க வச்ச?"

அம்மா போனை வாங்கிக் கையை நீட்டி, தூரமாக வைத்துப் பார்த்தாள்.

"பொம்ம எங்கடி?"

"எடுத்துட்டேம்மா. நல்லா இல்லன்னாங்க."

"திருஷ்டி பொம்மைய எடுத்துட்டா ஊரு பூரா வூட்டக் காட்டுன?" இன்னும் கொஞ்சம் பார்த்தாள். "சைக்கிளு?"

போனைத் திருப்பி வாங்கப் பார்த்தேன்.

"உங்கப்பனயும் எடுத்துட்டியா" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். அது அப்பா ஓட்டிய சைக்கிள். டயர் மக்கிப்போய்ப் பல வருஷமாகியும் அம்மா அதைக் காயலான் கடைக்குப் போட விட்டதில்லை. எனக்கு அட்மின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. தேய்த்த விரல் என்னுடையது என்பதால் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

முதலில் எடுத்த படத்தை, வாளியும் துணியும் பொம்மையும் சைக்கிளுமாக, அப்படியே மாமாவுக்கு அனுப்பினேன். நீல டிக் மட்டும் விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே வந்து நின்றார். கடலூர் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார், கையில் மீன் பை. அம்மாவை நிமிர்ந்து பார்க்காமல் நேராகச் சைக்கிளிடம் போய் அதன் கேரியரில் கையை வைத்தார்.

"இதுலதான்டி உங்கப்பன் எந்தங்கச்சிய ஒக்கார வச்சு ஓட்டிக்கினு போனான்" என்றார் என்னிடம். "பின்னாடியே ஓடிப் பாத்தேன். புடிக்க முடில."

"அவரு மெதுவாத்தான் மெதிச்சாரு. நீதான் போதையில இருந்த" என்றாள் அம்மா. மீன் பையை வாங்கிக்கொண்டாள். "உள்ள வா."

சாப்பிட்ட பிறகு இருவரையும் வாசலில் நிற்க வைத்தேன். சைக்கிளுக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் மாமா. கிட்ட வந்து நில்லுங்கள் என்று எவ்வளவு சொல்லியும் இருவரும் நகரவில்லை. ஆனால் இருவர் கையும் சைக்கிள் மேல் இருந்தது. எனக்குக் கண் கலங்கியதால் படம் கொஞ்சம் ஆடித்தான் வந்தது. அதையே குழுவில் போட்டேன்.

அட்மின்தான் முதலில் வந்தார். "நைஸ் மேடம். நடுவுல அந்த சைக்கிள்தான் இடிக்குது. அத எடுத்துட்டா ரெண்டு பேரும் பக்கத்துல வந்துடுவாங்க."

"எடுத்துட்டா ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கவே மாட்டாங்க சார்" என்று பதில் எழுதினேன்.

அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நழுவிவிட்டார்.