டிரம்மில் என் பெயர்

என் மகள் கைப்பேசியில் ஒரு பாட்டுக் குழுவைத் தேடினாள். ஒரே பெயரில் மூன்று குழுக்கள் வந்து நின்றன. ஒன்று அமெரிக்காவில், ஒன்று ஜப்பானில், இன்னொன்று பிரேசிலிலோ எங்கேயோ. ஒருவரை ஒருவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்களாம். "செம காமெடிம்மா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே பெயரில் இரண்டு பேண்டு செட் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒன்பது வயதிலேயே பார்த்துவிட்டவள் நான்.

எழுபதுகளின் நடுவில், திருவண்ணாமலையில், அம்மாவின் தம்பி ஒரு பேண்டு செட் நடத்தினார். ஏழு ஆள், ஏழு சிவப்புக் கோட்டு, ஒரு பெரிய டிரம். டிரம்மின் வட்டத் தோலில் மஞ்சள் பெயிண்டில் 'பூங்கொடி பேண்டு செட்' என்று எழுதியிருக்கும். பூங்கொடி நான்தான். நான் பிறந்த வருஷம் அப்பா ஆரம்பித்த செட் அது. எனக்கு இரண்டு வயதாகும்போது அப்பா வேலை தேடிப் பம்பாய்க்குப் போய்விட்டதாகச் சொல்லியிருந்தார்கள். கடிதம் ஏதும் வந்ததில்லை. அப்பாவின் ஒரே போட்டோவையும் அம்மா டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். செட்டை மாமா எடுத்துக்கொண்டார், எங்களையும் சேர்த்து. கல்யாண ஊர்வலத்தில் என் பெயர் தெருத் தெருவாகப் போவதைப் பார்த்தால் எனக்குத் தலைகால் புரியாது.

அந்த வருஷம் வைகாசியில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருவர் வெற்றிலைத் தட்டோடு வந்தார். மகளுக்குக் கல்யாணம். மாமாவின் கோட்டு கொடியில் காய்வதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"நீங்கதானா அது? போன வாரம் எங்க பக்கத்து ஊருல சாவுக்கு வந்து ஊதினீங்களே. அதே கோட்ட மாட்டிக்கினு எப்படிங்க கல்யாணத்துக்கு வருவீங்க?"

மாமா சாவுக்குப் போகிறவரே இல்லை. "அது நாங்க இல்லீங்க" என்றார்.

"டிரம்முல பேரு போட்டிருந்திச்சே. நானே படிச்சேன்."

தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் இன்னொருவர் வந்து அதையே சொன்னார். மூன்றாவதாக வந்தவர் சொன்னதுதான் மாமாவை உலுக்கிவிட்டது. ஊர்வலம் கிளம்புமுன் எங்கள் செட்டில் கிளாரினெட்டில் ஒரு சின்ன இழைப்பு வாசிப்பார்கள். விறுவிறுவென்று மேலே ஏறி, அங்கேயே நின்று, சட்டென்று இறங்கும். அப்பா போட்டது அது. வேறு எந்த செட்டுக்கும் தெரியாது. அந்தச் சாவு வீட்டிலும் அதைத்தான் வாசித்தார்களாம்.

"எவனா இருந்தாலும் சரி, கண்ல பட்டான்னா டிரம்ம கிழிச்சிடுவேன்" என்று மாமா கத்தினார். கத்தியதால் என்ன? இரண்டு பேர் வேறு செட்டுக்குப் போய்விட்டார்கள். இன்னும் இரண்டு கல்யாணம் கை நழுவினால் டிரம்மைப் பரணில் ஏற்ற வேண்டியதுதான், அப்புறம் நாம் மூன்று பேரும் காற்றைத்தான் குடிக்க வேண்டும் என்றார்.

மாமாவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. மலையைச் சுற்றிப் போகிற பாதையில் அவர் வலமாகத்தான் நடப்பார். சாமி கும்பிடப் போகிறவர்கள் எல்லோருமே அப்படித்தான், ஆனால் காடு கழனிக்குப் போகிறவர்கள் எப்படியும் நடப்பார்கள். மாமா அப்படி இல்லை. செங்கம் ரோட்டுப் பக்கம் சின்ன வேலை என்றாலும் போன வழியே திரும்ப மாட்டார், மீதி மலையையும் சுற்றிக்கொண்டு பொழுது சாய வீடு வருவார். ஊரே கேலி செய்யும். ஏன் மாமா என்று நான் கேட்டால் கண்ணை உருட்டுவார். "திருப்பி நடந்தா உன்னையே நீ எதிர்ல பாப்ப. பாத்தவங்க யாரும் பழையபடி இருந்ததில்ல."

நான் அதை முழுசாக நம்பினேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அடி அண்ணாமலையில் அம்மன் ஊர்வலத்துக்குப் பேசி முடிக்க மாமா கிளம்பினார். பள்ளிக்கூடம் லீவு என்று நானும் தொற்றிக்கொண்டேன். உச்சி வெயில். அப்போதெல்லாம் பௌர்ணமியை விட்டால் அந்தப் பாதையில் ஆளே இருக்காது. குளத்தோரம் ஒரு பாழ் மண்டபத்தைத் தாண்டினோம். அதற்குள் யாரும் இல்லை, நான் எட்டிப் பார்த்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து கிளாரினெட் கேட்டது. ஏறியது, நின்றது, சட்டென்று இறங்கியது.

மாமா நின்றுவிட்டார். அவர்கள் வரட்டும் என்று புளியமரத்தடியில் காத்திருந்தோம். யாரும் வரவில்லை. மறுபடியும் அதே இழைப்பு, அதே தூரத்தில். நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. மரத்தில் காக்கைகூடக் கத்தவில்லை.

மாமா திரும்பினார். வந்த வழியே, மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, விடுவிடுவென்று நடந்தார். "வேணாம் மாமா, திரும்பக் கூடாது" என்று வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவர் காதில் விழவில்லை. தனியாக நிற்கப் பயந்து நானும் பின்னாலேயே ஓடினேன்.

நாங்கள் பார்த்தபோது காலியாக இருந்த மண்டபத்தில் இப்போது சிவப்புக் கோட்டுகள் தொங்கின. பின்பக்கம் ஒரு மாட்டு வண்டி நின்றது. ஐந்தாறு பேர் படுத்திருந்தார்கள். பெரிய டிரம் எங்களைப் பார்த்தபடி சாய்ந்திருந்தது. அதில் மஞ்சள் எழுத்தில் என் பெயர். ஒரு ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்து கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். குளத்துப் படியில் ஒரு சிறுமி நின்றாள்.

அவள் திரும்பினாள். நான்தான் அது. ஒரு சாண் குள்ளமாக, முன்பல் விழுந்து, முதல் வகுப்பில் எடுத்த போட்டோவில் இருக்கிற நான்.

"பூங்கொடி, எறங்காத, வழுக்கும்" என்றார் கிளாரினெட்காரர், திரும்பாமலே.

"எறங்கல" என்று இரண்டு குரல் கேட்டது. ஒன்று என்னுடையது.

அவர் திரும்பிப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார், பிறகு என்னை. கிளாரினெட் கையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்தது, அவர் எடுக்கவில்லை. மாமா நேராக டிரம்மிடம் போனார். கிழிக்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கிழியும் சத்தம் வரவில்லை. திறந்து பார்த்தால் அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"பேரு உங்ககிட்டயே இருக்கட்டும். நாங்க மாத்திக்கிறோம்" என்றார்.

யாரிடமும் சண்டைக்கு நிற்கிற மாமா, பேயிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாரே என்று இருந்தது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அடி அண்ணாமலைக்குப் போகாமலே, அதே தப்பான வழியாக வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்ததும் டிரம்மை வாசலில் போட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் எழுத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். அம்மா கை ஈரத்தைத் துடைத்தபடி வந்து, ஏன் அழிக்கிறாய் என்று கேட்டாள். மாமா அவள் காதோரம் ஏதோ சொன்னார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மாமாவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"எளச்சிட்டாராடா?"

"இல்லக்கா. நல்லாதான் இருக்காரு."

"கொயந்தைக்கு என்னா பேரு வச்சிருக்காரு?"

மாமா தேய்ப்பதை நிறுத்தினார். எனக்கோ விடை தெரியும். வகுப்பில் கை தூக்குகிறவள் மாதிரி முந்திக்கொண்டேன்.

"பூங்கொடிம்மா! எம்பேருதான்!"

அம்மா என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து மாமாவின் கையிலிருந்த துணியை வாங்கினாள். மிச்சமிருந்த எழுத்துகளை, மஞ்சள் துளியும் இல்லாமல், அவளே அழுத்தி அழுத்தித் துடைத்து எடுத்தாள்.

திருப்பி நடந்ததற்குத்தான் இந்தக் கோபம் என்று நினைத்தேன். "இனிமே திரும்பி நடக்க மாட்டேம்மா" என்று அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.