ஐஸ் பெட்டிக்குள் போன புளொக்

"அப்ப என்ர பிள்ளைக்கு இது வராதுதானே?" இந்தக் கேள்விக்கு இன்றும் என்னிடம் நேரான பதில் இல்லை.

கேட்டவர் ஊர்காவற்றுறை ஜெசிந்தா அக்கா. அவருடைய அப்பாவின் பெருங்குடலில் இருந்த புற்றுக்கட்டியை யாழ்ப்பாணத்தில் வெட்டி எடுத்திருந்தார்கள். நான் அங்கே நோயியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். வெட்டிய இழையத்தை மெழுகில் பதித்து வைப்போம், அதுதான் புளொக். கட்டியின் கலங்களில் நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று கொழும்பில் பார்க்கச் சொன்னார் வைத்தியர். கட்டி எந்தப் போக்கில் வளரும், எந்த மருந்து கேட்கும், பரம்பரை வகையா என்பதற்கெல்லாம் அது ஒரு தடயம்.

கட்டி நன்றாகப் பதிந்திருந்தது ஒரே ஒரு புளொக்கில்தான். கொழும்புக்குக் கொண்டுபோவது வீட்டார் பொறுப்பு. "வெயில் படவிடாதேங்கோ அக்கா, மெழுகு உருகிப்போம்" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை, கரம்பொன்னில் என் வீட்டுப் படலையில் அவர் நின்றார். கையில் தண்ணீர் சொட்டும் பை. பின்னால் அவர் கணவர் அன்ரன்.

"தங்கச்சி, இந்த மனிசன் இதை மீன் பெட்டிக்க ஐசில தாட்டுப்போட்டுது!"

"சதையெண்டால் ஐஸ் போடாட்டிப் பழுதாப்போம்தானே? பாரை மீனோட வைக்கேல்லை, தனிப் பெட்டி" என்றார் அன்ரன்.

"கொழும்பில அவங்கள் பொரிக்கப் போறாங்கள்!" அக்காவின் கண் கலங்கியிருந்தது.

என் மகளை இடுப்பில் வைத்தபடி பையைப் பிரித்தேன். முதலில் புளொக்கில் எழுதியிருந்த இலக்கத்தைத் தேடினேன். இலக்கம் அழிந்திருந்தால் எவரும் ஏற்கமாட்டார்கள். அழியவில்லை, பென்சிலால் எழுதுவது இதற்காகத்தான். மெழுகும் வெடிக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது: மெல்லிதாகச் சீவுவதற்கு முன் நாங்களே புளொக்கை ஐசில்தான் வைப்போம்!

"அண்ணை செய்தது பிழையில்லை. நாங்களும் ஐசில வைக்கிறனாங்கள்."

"கேட்டியோ?" அன்ரன் மனைவியைப் பார்த்து நிமிர்ந்தார்.

அன்றே அவர்கள் அதைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள்; ஆனாலும் முடிவு வரும்வரை நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு புரதங்களும் இருந்தன. பரம்பரை வகைக்கான அடையாளம் தெரியவில்லை என்று வைத்தியர் சொன்னாராம். போனில் அக்கா அழுதுகொண்டே சிரித்தார். அப்பா கிழிந்த வலையைப் பொத்தத் தொடங்கிவிட்டார் என்றார். பிறகுதான் அந்தக் கேள்வி.

பிள்ளைக்கு வரவே வராது என்று சொல்லும் அளவுக்கு அந்தச் சோதனை பேசாது. "பயம் குறைவுதான் அக்கா, மிச்சத்தை வைத்தியரிட்டைக் கேளுங்கோ" என்றேன். சரியாகச் சொன்னேனா?

இப்போது புளொக் கொடுக்கும்போது எப்படி வைக்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மற்றதைத்தான் இன்னும் கற்கவில்லை. ஒரு தாய் இப்படிக் கேட்டால், பொய் சொல்லாமலும் அவளுடைய நிம்மதியைக் கெடுக்காமலும் நீங்கள் என்ன சொல்வீர்கள்? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.