பம்பரமான படகு

சென்னையிலிருக்கும் மச்சினனின் கணினி வேகமாக ஓட வேண்டும் என்று, ராமநாதபுரத்தில் என் கணினிக்குக் படங்களை வேகமாக வரையும் கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் பொருத்திய மேதை நான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாம்பன் மீனவத் தம்பதிக்காக அவன் தன் கணினியில் வரைந்த புதுப் படகை, நெட் வழியாக என் திரையில் சுழற்றிக் காட்ட வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால்தான் படகு கட்ட மரம் அறுப்பார்கள். திரையில் படகோ கரைதட்டியது போல் நின்றது.

போனில் மச்சினன் சிரித்தான். “அத்தான், அங்கன உள்ள கார்டுக்குச் சோலியே இல்ல. தூரத்துலருந்து பாத்தா இங்க உள்ள கார்டு தூங்கிருது. அதை எழுப்பி வரையவிட்டு, வரைஞ்ச படத்தை மட்டும் அனுப்புறேன்.”

அனுப்பினான். படகு பம்பரமாய்ச் சுழன்றது. நான் கைதட்டினேன், மீனவரும் தட்டினார்.

அவர் மனைவி மட்டும் எழுந்தார். “மரத்தை அறுக்கச் சொல்லுங்க. ஆனா கடல்ல இப்படிச் சுத்தாதுல்ல?”