தேவகிக்கு வைத்த தட்டு

வாசலில் நின்ற பெண் எங்கள் கோட்டுகளை வாங்கி மாட்டுவதற்குள்ளேயே உள்ளேயிருந்து அந்த வாசம் வந்துவிட்டது. வெண்ணெயில் உள்ளி பொன்னிறமாகப் பொரிகிற வாசம். உள்ளி என்று நாங்கள் சொல்வதை நீங்கள் பூண்டு என்பீர்கள், வாசம் ஒன்றுதான். லண்டனுக்கு வந்த புதிதில் என் வாழ்க்கையின் பெரும்பகுதி இந்த வாசத்துக்குள்ளேதான் கழிந்தது. ஆகவே எனக்குள் ஏதாவது ஒன்று அசைந்திருக்க வேண்டும். ஆனால் பாருங்கள், ஒன்றும் அசையவில்லை. பல் வைத்தியர் ஊசி போட்டு அனுப்பிய பிறகு உதட்டைத் தொட்டுப் பார்த்தால் வேறு யாருடைய உதடோ போல இருக்குமே, பங்குனி மாதத்திலிருந்து நான் முழு ஆளாக அப்படித்தான் இருக்கிறேன்.

பங்குனியில்தான் என் மனைவி தேவகி போனாள். உயிரோடு இருந்திருந்தால், நாங்கள் இங்கே வந்த அன்றைக்கு அவளுக்கு அறுபது வயது. அந்த நாளைச் சும்மா போகவிட மாட்டேன் என்று மகள் சங்கவி மேஃபேரில் இந்த இத்தாலிய அமெரிக்க உணவகத்தில் மேசை பிடித்திருந்தாள். அம்மா ஆசைப்பட்ட இடம் என்றாள். மகளின் போனில் எப்போதோ படம் பார்த்துவிட்டு, "ஒருக்கா அங்க போகவேணும்" என்று சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "உதில என்ன கிடக்கு, நாங்கள் பழைய கடையில சமைச்சதுதானே" என்று நான் சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

வெம்பிளியிலிருந்து ரயிலில் மூன்று பேராக வந்தோம். நான், சங்கவி, அவளுடைய தம்பி நிரோஷன். சங்கவி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். சில மாதங்களாக அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன் எடுப்பாள், பிரஷர் மாத்திரை போட்டேனா, குப்பை வாளியை வெளியே வைத்தேனா என்று கேட்பாள், வைத்துவிடுவாள். அன்றைக்கு ரயிலில் திடீரென்று கேட்டாள்.

"அப்பா, நீங்க ஏன் ஒருக்காலும் அழேல்ல?"

நான் கோட்டின் பொத்தானைப் பூட்டினேன்.

"ஃபியூனரல்லயும் இல்ல, பிறகும் இல்ல. நீங்க அம்மாவ மிஸ் பண்றீங்களா எண்டே எனக்குத் தெரியேல்ல. ஐ ஜஸ்ட் டோன்ட் நோ, அப்பா."

ஃபிஞ்ச்லி ரோட் தாண்டியதும் ரயில் நிலத்துக்குள் இறங்கிப் பெரிய சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பதில் இருந்து சொல்லாமல் விடவில்லை. எனக்கும் தெரியவில்லை என்பதுதான் உண்மை. கண் வைத்தியரிடம் போய்க் கண்ணில் நீர் வற்றிவிட்டதா என்று கேட்கலாமா என்றுகூட ஒருநாள் யோசித்தேன். நல்ல காலம், போகவில்லை.

உள்ளியிலிருந்து எங்கேயோ போய்விட்டேன். நான் வேலை செய்ததும் இதே மாதிரியான சாப்பாட்டுக் கடைதான், ஆனால் மலிவு விலைக் கடை. பெயர்ப் பலகையில் நியூயோர்க் என்று இருக்கும். சாப்பாடு இத்தாலிச் சாப்பாடு. முதலாளி சைப்பிரஸ்காரர். சமையலறையில் நின்றதெல்லாம் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள், சாவகச்சேரியும் மானிப்பாயும் ஊர்காவற்றுறையும். மணியண்ணை என்று ஒருவர் மீட்போல் என்கிற மாட்டிறைச்சி உருண்டை உருட்டுவார். பழக்க தோஷத்தில் கொழுக்கட்டைக்குப் பிடிப்பது போல விரல் அடையாளம் பதியப் பிடித்துவிடுவார். அந்த விரல் அடையாளத்துக்குள்தான் சாஸ் நன்றாகப் பிடிக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் பாராட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு முதலாளி எங்கள் எல்லோரையும் அப்படியே பிடிக்கச் சொன்னார். எனக்கு மட்டும் அது கடைசிவரை வரவில்லை. என்னை சலாட் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

அப்போது நாங்கள் அப்டன் பார்க்கில் ஒரு கடைக்கு மேலே ஒரே ஒரு அறையில் இருந்தோம். தேவகி கல்யாணமாகி வந்த புதிது. கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு சேலைக் கடையில் வேலைக்கு நின்றாள். நான் வேலை முடிந்து வந்தால் கதவிலேயே மறிப்பாள்.

"இஞ்சேருங்கோ, முதல் போய்த் தலையைக் கழுவுங்கோ. உள்ளி மூட்டை மாதிரி மணக்கிறியள்."

கழுவுவேன். போகாது. பிறகு கவுன்சிலில் எனக்கு வேலை கிடைத்தது. வாகனம் நிறுத்தும் அனுமதிச் சீட்டுக் கொடுக்கிற பிரிவு, மேசை வேலை, டை கட்ட வேண்டும். கொஞ்ச நாளில் வாசம் விட்டுப்போனது. ஒருநாள் பின்னேரம் நான் உள்ளே வந்து நிற்பதைக் கண்டு தேவகி திடுக்கிட்டுப் போனாள். "இப்ப நீங்கள் வாறது ஒண்டும் தெரியுதில்ல" என்று குறைபட்டாள். எதற்கும் ஒரு குறை கண்டுபிடிக்கத் தெரிந்தவள்.

இந்த மேஃபேர் இடம் இருட்டு. பணக்காரர்கள் எதற்காக இருட்டில் சாப்பிடுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சிவப்புத் தோல் இருக்கைகள், மரச் சுவர், வெள்ளைக் கோட்டுப் போட்ட பரிமாறுபவர்கள், பழைய அமெரிக்கப் பாட்டு. நான் போன் லைட்டைப் போட்டு மெனுவைப் பார்த்தேன். அடுத்த மேசைப் பெண்மணி கண் கூசித் திரும்பினார். நிரோஷன் மெதுவாக என் போனை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டான். பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்து, ஒருவர் மரக் கிண்ணத்தில் உள்ளியைத் தேய்த்து, ஒவ்வொரு இலையாகப் பிரட்டி சீசர் சலாட் செய்து காட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் பூசை பார்ப்பது போலப் பார்த்தார்கள். எங்கள் கடையில் அதை வாளியில் போட்டுக் கைவிட்டுக் கலப்போம். கலந்தவன் நான்.

மேசையைச் சுற்றி நாலு கதிரைகள். நாலு பேருக்கும் கரண்டி, முள்ளுக்கரண்டி, துடைக்கிற துணி. பரிமாறுபவர் வந்து வெறுங்கதிரையைப் பார்த்து, மற்றவரும் வருகிறாரா என்று கேட்டார்.

"ஷீ இஸ் ரன்னிங் லேட்" என்றாள் சங்கவி.

நிரோஷனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேவகி உலகத்தில் எந்த இடத்துக்கும் நேரத்துக்குப் போனவள் இல்லை. சங்கவி தனக்கும் தம்பிக்கும் சாப்பாடு சொன்னாள். பிறகு அந்தக் கதிரைக்கு, குழாய் குழாயாக இருக்கிற பாஸ்தாவைச் சிவந்த கிரீம் சாஸில் நல்ல உறைப்பாகச் சொன்னாள். பரிமாறுபவர் என் பக்கம் திரும்பினார். நான் சூப் என்றேன்.

"சூப் மட்டுமா? அப்பா, இட்ஸ் அம்மாஸ் பேர்த்டே."

"காணும் பிள்ளை, அது போதும்."

அவளுடைய முகம் இறுகியது. தாயின் பிறந்தநாளுக்குக்கூட மனதில்லாமல் வந்திருக்கிற மனுஷன் என்று நினைத்திருப்பாள். நான் ஏன் சூப் சொன்னேன் என்று அந்த நேரம் எனக்கும் தெரியாது. வாயில் வந்தது, சொன்னேன்.

சாப்பாடு எல்லாம் ஒன்றாக வந்தது. தேவகியின் கதிரைக்கு முன்னால் பெரிய தட்டு, ஆவி பறக்கிற பாஸ்தா. சங்கவி அதைக் கொஞ்சம் நேராக்கி வைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "அப்பா, இப்ப நாங்க பாக்கக்கூடாது என்ன?" என்று கேட்டாள்.

அப்போதுதான் பிள்ளை என்ன செய்கிறாள் என்பது எனக்குப் பிடிபட்டது. எங்கள் ஆட்கள் இறந்தவருக்குத் திவசத்தில் படைப்பார்கள். அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலையில் வைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். வந்து சாப்பிடுகிறவருக்குக் கூச்சம் வரக்கூடாது என்று. வெம்பிளி வீட்டில் என் தகப்பனாருக்கு வருஷா வருஷம் அப்படிச் செய்ததைப் பார்த்து வளர்ந்தவள். ஆனால் அதற்குத் திதி இருக்கிறது, முறை இருக்கிறது. பிறந்தநாளில் படைப்பது என்று ஒரு வழக்கம் எங்கேயும் கிடையாது. அதுவும் கடைச் சாப்பாடு. ஐயர் கேட்டால் ஒரு மணித்தியாலம் விளக்கம் சொல்லுவார். 

"ஓம், பாக்கக்கூடாது" என்றேன்.

சாத்துவதற்குக் கதவு இல்லை. ஆகவே மூன்று பேரும் கதிரையில் இருந்தபடியே மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டோம். நிரோஷன் சுவரைப் பார்த்தான். சங்கவி கண்ணை மூடிக்கொண்டாள். நான் அடுத்த மேசைப் பெண்மணியைப் பார்க்க வேண்டியதாகப் போயிற்று. அவர் மறுபடியும் கூசிப்போனார். பரிமாறுபவர் ஓடிவந்து சாப்பாட்டில் ஏதும் குறையா என்று கேட்டார். ஒரு குறையும் இல்லை என்று நிரோஷன் சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னான். அவர் போய் இன்னொருவரைக் கூட்டிவந்து தூரத்தில் நின்று எங்களைக் காட்டினார். தேவகி இருந்திருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பாள். நான் சிரிக்கவும் இல்லை.

திரும்பினோம். பிள்ளைகள் சாப்பிடத் தொடங்கினார்கள். நான் சூப்பைக் குடித்து முடித்தேன். கரண்டியை வைத்தேன். முள்ளுக்கரண்டியை எடுத்து, துணியால் துடைத்து, கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது.

"அப்பா," என்றாள் சங்கவி. "சூப் முடிஞ்சுது. முள்ளுக்கரண்டியோட ஆரைப் பாத்துக்கொண்டு இருக்கிறீங்க?"

கையைப் பார்த்தேன். எதிரே ஒருவரும் தொடாமல் இருக்கிற தட்டைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கே விளங்கியது.

"கொம்மா தன்ர தட்டை இஞ்சால தள்ளுவா எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றேன்.

தேவகி லண்டனுக்கு வந்து முதல் பிறந்தநாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எனக்கு ஷிப்ட் இல்லை. ஆனாலும் கடைக்குப் போய் மணியண்ணையிடம் சொல்லி ஒரு பெட்டி ஸ்பகெட்டி வாங்கிவந்தேன். தேவகி மாடு சாப்பிடுவதில்லை, ஆகவே மீட்போல் இல்லாமல். அவள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது இடியப்பத்தின்ர தமையன் போல கிடக்கு" என்றாள். செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் வெங்காயமும் தாளித்து அதைத் திரும்ப வதக்கினாள். கட்டிலில் இருந்து சாப்பிட்டாள். பாதி முடிந்ததும் தட்டை என் பக்கம் தள்ளி, "எனக்குக் காணும், மிச்சத்தை முடியுங்கோ" என்றாள்.

ஒரு பெட்டிதானே இருந்தது, அதனால்தான் என்று நினைத்தேன். பிறகு அதுவே பழக்கமாயிற்று. சவுத்எண்ட் கடற்கரையில் மீனும் சிப்ஸும், வெம்பிளி ஹைரோட்டில் மசாலாத் தோசை, பிள்ளைகளோடு போன பீட்சாக் கடை, எங்கே போனாலும் அவள் ஒன்று சொல்லுவாள், நான் சூப் அல்லது தேத்தண்ணி சொல்லுவேன். நல்ல பக்கம் எது என்று பார்த்து முதலில் அதை முடித்துவிட்டுத்தான் தள்ளுவாள், அதையும் சொல்ல வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேலாக வெளியே போய் எனக்கென்று நான் ஒரு முழுச் சாப்பாடு சொன்னதே இல்லை. பிள்ளைகள் அதை ஒவ்வொரு முறையும் பார்த்தவர்கள்தான். பார்த்துப் பழகியதாலேயே பார்க்கவில்லை.

சங்கவி தன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து மேசையைச் சுற்றி வந்து, அந்தத் தட்டைத் தூக்கி என் முன்னால் வைத்தாள். "ஐ ஆம் சொறி, அப்பா. சொறி" என்று சொல்லிக்கொண்டே என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நிரோஷன் துணியால் கண்ணைத் துடைத்தான். எனக்கு அப்போதும் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். பாஸ்தா ஆறியிருந்தது. சூடாக்கித் தரட்டுமா என்று பரிமாறுபவர் கேட்டார், வேண்டாம் என்றேன். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் முழுவதையும் சாப்பிட்டேன். உப்பு, உறைப்பு எதுவும் பிடிபடவில்லை.

அப்டன் பார்க் அறைக்குக் கீழே இருந்த கடை இப்போது போன் திருத்துகிற இடம். நியூயோர்க் பெயர்ப் பலகையையும் எப்போதோ கழற்றிவிட்டார்கள். மணியண்ணை கனடாவுக்குப் போனார், பிறகு செய்தி இல்லை. சங்கவி மட்டும் இப்போது ஒழுங்காகப் போன் எடுக்கிறாள். அழுதேனா என்று கேட்பதில்லை. என்ன சாப்பிட்டேன் என்று கேட்கிறாள். வீட்டில் சமைக்கப் பஞ்சிப்படுகிறேன், சோம்பிக் கிடக்கிறேன் என்று தெரிந்து, வெளியே போய் நல்லதாக ஏதாவது சாப்பிடுங்கள் என்று சொல்கிறாள்.

போன கிழமை ஒருநாள் வெம்பிளியில் எங்கள் ஆட்களின் கடை ஒன்றுக்குப் போய் இருந்தேன். பரிமாறுகிற பெண் கடதாசித் துண்டும் பேனையுமாக வந்து, "ஐயா, உங்களுக்கு என்ன பிடிக்கும்? சொல்லுங்கோ" என்றாள். மெனுவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினேன். தேவகிக்கு என்னென்ன பிடிக்கும் என்று கேட்டிருந்தால் மூச்சு விடாமல் சொல்லியிருப்பேன். அந்தப் பெண் காத்துக்கொண்டு நின்றாள். எனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.