பாக்கியத்தின் ரத்தம் சொன்னது

ஒரு பெண்ணின் ரத்தப் பரிசோதனை முடிவை நான் பொய்யாக எழுதினேன்.

எழுபதுகளில் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். மரக்காணம் உப்பளத் தொழிலாளி பாக்கியம், மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர். நோய் எலும்புக்குப் பரவினால் ரத்தத்தில் ஒரு நொதி கூடும். அவருக்குக் கூடியிருந்தது. உப்புக்கூடை சுமக்கிறவருக்கா பரவியிருக்கும், ஊரில் எடுத்து வெயிலில் பஸ்ஸில் அனுப்பிய ரத்தம் கெட்டிருக்கும் என்று நினைத்து, 'சரியாக இருக்கிறது' என்று எழுதிவிட்டேன்.

மூன்று மாதத்தில் நோய் இடுப்பெலும்பை அரித்தது தெரிந்தது. உப்பளத்துக்கே போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

வரப்பில் உட்கார்ந்திருந்தவர் பாத்தித் தண்ணீரை விரலில் தேய்த்துப் பார்த்தார். "நாளைக்கு உப்பு பூக்கும். தண்ணி முன்னாடியே சொல்லிடுது சார். என் ரத்தமும் சொல்லியிருக்குது. படிச்சவரு, உங்களுக்குத்தான் காது கேக்கல."

வலிக்கும் முன்பே ரத்தம் அறிந்திருந்ததை எண்ணி மலைத்து நின்றேன். டாக்டரிடமும் ஒப்புக்கொண்டேன். கதிர் சிகிச்சை பாக்கியத்தின் வலியைத் தணித்தது, உயிரைக் காக்கவில்லை.

அதன்பின் சந்தேகம் வந்தபோதெல்லாம் நானே பஸ் ஏறிப் போய் மறுபடி ரத்தம் எடுத்துவந்தேன். ஒருமுறைகூட முதல் ரத்தம் பொய் சொல்லியிருக்கவில்லை.